மெட்டடாரும் மூன்றாவது பின்னும்

எண்பதுகளில் புனேயில் வளர்ந்தவர்களுக்குக் குடும்பத்தோடு தூரம் போவது என்றால் மெட்டடார்தான். ஆகுர்டியில் பஜாஜ் டெம்போ தொழிற்சாலை செய்த வண்டி. கட்கியில் பாதுகாப்புத் துறைக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த வரிசையில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கோடை விடுமுறை வந்தால் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரு மெட்டடாரை வாடகைக்குப் பிடிப்பார்கள். பண்டரிபுரம், கோலாப்பூர், ஒரு வருடம் துணிந்து திருச்செந்தூர் வரைக்கும். பின்சீட்டைக் கழற்றி ஜமுக்காளம் விரித்தால் பிள்ளைகளுக்குப் படுக்கை. மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி, புளி, ஊறுகாய் ஜாடி எல்லாம் பின்கதவு ஓரம்.

ராத்திரி தங்கல் பெட்ரோல் பங்க் ஓரத்திலோ கோயில் மடத்து வாசலிலோ. வெளிச்சத்துக்கு அரிக்கேன் விளக்கு. சமைக்கிற நேரத்துக்கு மட்டும் டிரைவர் பேட்டரி முனைகளில் கிளிப் மாட்டி ஒரு சின்ன பல்பைத் தொங்கவிடுவார். 12 வோல்ட். வண்டியின் தகரமேதான் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியாகவும் வேலை செய்தது. மழையில் நனைந்த கையோடு கதவைப் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. அவ்வளவு குறைந்த வோல்ட்டேஜ் தோலைத் தாண்டி உள்ளே போகாது. டிரைவருக்கு இருந்த ஒரே மின்சாரக் கவலை பேட்டரி இறங்கிவிடக்கூடாது என்பது. அதனால் எப்போதும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார். காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் ஆண்கள் எல்லோரும் இறங்கி ஒரு தள்ளு, செகண்ட் கியர், கிளம்பிவிடும்.

அந்த வண்டியை யாரும் எந்தச் சுவரிலும் சொருகியதில்லை. சொருக அதில் எதுவும் இல்லை. மின்விசிறி இல்லாமல் வேர்த்தோம், கொசுக்கடியில் தூங்கினோம், இருட்டில் தடுக்கி விழுந்தோம். ஆனால் வண்டி தொட்டு ஷாக் அடித்தது என்று ஒரு பேச்சு அந்த நாட்களில் கேட்டதில்லை. வசதியின்மையே எங்களுக்குக் காவலாக இருந்தது என்பது அப்போது தெரியவில்லை. வசதி வந்த பிறகுதான் தெரிகிறது.

அப்பா தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். வீட்டில் அவருக்கென்று ஒரு துணிப்பை. அதில் கட்டிங் பிளேயர், டெஸ்டர், ப்யூஸ் வயர் சுற்றிய அட்டை, ஒரு டெஸ்ட் லாம்ப். ஹோல்டரில் மாட்டிய பல்பு, அதிலிருந்து நீளும் இரண்டு வயர், நுனியில் டேப் சுற்றிய கம்பி. அவ்வளவுதான் கருவி. வரிசையில் யார் வீட்டில் கிட்காட் ப்யூஸ் போனாலும் அந்தப் பையோடு போவார். ப்யூஸைக் கட்டுவது கடைசி வேலை. ஏன் போனது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ‘லைட் கெலி’ என்று மராத்திப் பிள்ளைகளும் ‘கரண்ட் போச்சு’ என்று நாங்களும் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடுவோம்.

குவார்ட்டர்ஸ் பின்புறம் எர்த்து குழி ஒன்று இருந்தது. ஜி.ஐ. குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி மூடிய குழி. சித்திரை, வைகாசியில் அப்பா அதில் வாரத்துக்கு ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். குழாயடியில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் அது. அம்மாவுக்குத் தாங்காது. “குடிக்கவே தட்டுப்பாடு, மண்ணுக்கு ஊத்தறீங்களே” என்பாள். “மண்ணுக்கு ஊத்தலை, பிள்ளைகளுக்குத்தான் ஊத்தறேன்” என்பார். எதற்கு என்று எனக்குப் புரிய ஒரு பாலிடெக்னிக் படிப்பு தேவைப்பட்டது.

புனேயின் அடியில் இருப்பது தக்காண எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. மேலே மண் சில அடிதான். பாறையில் மின்சாரம் சுலபமாக இறங்காது. காய்ந்த மண்ணிலும் இறங்காது. ஈரமும் உப்பும் சேர்ந்தால்தான் எர்த்து கம்பி தன் வேலையைச் செய்யும். இஸ்திரிப் பெட்டியிலோ தண்ணீர் சூடாக்கும் ராடிலோ கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் தொடுகிறவர் உடம்பு வழியாக இறங்காமல் அந்தக் குழி வழியாக இறங்க வேண்டும். குழி காய்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்பா ஊற்றிய ஒரு குடம் தண்ணீர் அந்த வழியைத் திறந்து வைத்தது.

இப்போது எங்களிடம் ஒரு மோட்டார் ஹோம் இருக்கிறது. என் கணவர் ஓய்வு பெற்ற பிறகு, டிராவலர் வண்டி ஒன்றை வாங்கி, உள்ளே வீடாகக் கட்டிக்கொண்டோம். மெட்டடார் செய்த அதே பஜாஜ் டெம்போ 1987-ல் கொண்டுவந்த வண்டி டிராவலர். 2005-ல் அந்த நிறுவனம் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. அன்று ஜமுக்காளம் விரித்த இடத்தில் இன்று கட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, ஃபிரிட்ஜ், சின்ன கீசர், கூரையில் ஏ.சி., அதற்குப் பக்கத்தில் சோலார் தகடுகள், கட்டிலுக்கடியில் லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும். வண்டியின் பக்கவாட்டில் ஒரு மூடி. திறந்தால் வெளி மின்சாரம் சொருகும் பின். நிறுத்தும்போது இப்போது சரிவைத் தேடுவதில்லை. சமதரையும் பிளக் பாயிண்ட்டும் தேடுகிறோம்.

அரசும் இதை ஊக்குவிக்கிறது. 2021-ல் மகாராஷ்டிரா கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. அதே வருடம் கேரளாவும் ‘கேரவன் கேரளா’ என்று தொடங்கியது. பான்ஷெட், முள்ஷி, பவனா ஏரிக்கரைகளில் பண்ணை வீட்டுக்காரர்கள் கேரவனுக்கு இடம் விடுகிறார்கள். நல்ல இடம், நல்ல மனிதர்கள், சூடாகப் பிட்லா பாக்ரி. ஆனால் வண்டிக்கு மின்சாரம் என்றால் பெரும்பாலும் மோட்டார் ஷெட்டிலிருந்தோ சமையல்கட்டிலிருந்தோ இழுத்துவிட்ட ஒரு வயரும் அதன் நுனியில் ஒரு பலகையும்தான். சில இடங்களில் பின் இல்லாத வயரை ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள்.

இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் இருக்கும் பெரிய முரண். வீட்டில் இருக்கும் ஒருவர் சுவரையும் தரையையும் தொட்டு நிற்கிறார். எல்லாம் ஒரே மண். மோட்டார் ஹோம் ரப்பர் டயர்களில் நிற்கிறது. தகர உடல் முழுவதும் மண்ணிலிருந்து விலகியிருக்கிறது. மின்னழுத்தம் அதில் ஏறினால் இறங்க வழி இல்லை. உள்ளே இருக்கிறவருக்கு எதுவும் தெரியாது. வெளியே ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிற குழந்தைதான் அந்த வழியாக ஆகிவிடுகிறது. மெட்டடாரில் 12 வோல்ட்டைச் சுமந்த அதே தகரம், சொருகிய நிமிஷம் முதல் 230 வோல்ட்டோடு பழக வேண்டியிருக்கிறது. அதை மண்ணோடு இணைக்கும் ஒரே கம்பி, பிளக்கின் மூன்றாவது பின், அந்தப் பெரிய பின்தான். அந்தப் பின் போய்ச் சேரும் ஓட்டைக்குப் பின்னால் உண்மையில் ஒரு கம்பி இருக்கிறதா, அந்தக் கம்பி உண்மையில் மண்ணில் போய் முடிகிறதா என்று வண்டிக்குள் இருந்து பார்க்க முடியாது.

கேரவன் வைத்திருக்கிற பலர் சொல்லும் முதல் புகார் ‘கதவைத் தொட்டால் சுருக்கென்கிறது’ என்பது. லேசான சுருக்குதானே என்று செருப்புப் போட்டுக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அந்தச் சுருக்கின் காரணம் தெளிவானது. இன்வெர்ட்டர், சார்ஜர் போன்ற கருவிகளின் உள்ளே இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்ன கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த்து சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த்து அறுந்திருந்தால் வண்டி உடல் சப்ளையின் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் சுருக்கோடு நிற்கிறது. ஆனால் அது சொல்லும் செய்தி பெரிது: இந்த வண்டிக்கு எர்த்து இல்லை. நாளைக்குக் கீசர் காயில் கசிந்தால் முழு 230 வோல்ட்டும் கதவில் வந்து நிற்கும். சுருக்கென்றால் உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிறகுதான் காரணம் தேட வேண்டும்.

எர்த்து இருந்தாலே போதும் என்பதும் இல்லை. பாறை நிலத்தில் நட்ட கம்பியின் தடை 50 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் முழுதாகக் கசிந்தாலும் மண்ணில் இறங்குவது 5 ஆம்பியருக்கும் குறைவு. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது. ப்யூஸும் போகாது. வண்டி உடல் மின்னழுத்தத்தோடு நின்றுகொண்டே இருக்கும். இதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நல்ல கடைக்காரர் கல்லாவில் செலவும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுபோல, பேஸில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்ட்டும் சமமா என்று அது ஓயாமல் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண்ணிமைப்பதற்குள் துண்டித்துவிடும். அப்பா காலத்தில் குவார்ட்டர்ஸ் வீடுகளில் இது இல்லை. இருந்திருந்தால் அவர் தூக்கம் இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு கேரவனில் இது இல்லாமல் ஏ.சி. இருப்பது எனக்கு ஏற்க முடியாதது. அதில் ‘டி’ என்று ஒரு பொத்தான் உண்டு. ஒவ்வொரு தங்கலிலும் அமுக்கிப் பார்க்க வேண்டும். விழுந்தால் நல்லது.

முள்ஷியில் ஒரு மழைக்கால முடிவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஏரி சாதாரண ஏரி இல்லை. டாட்டா நிறுவனம் நூறு வருடத்துக்கு முன்பு மின்சாரத்துக்காகக் கட்டிய அணை. நிலம் மூழ்கப் போகிறது என்று மாவள் விவசாயிகள் 1921-ல் சத்தியாக்கிரகம் செய்தார்கள். சேனாபதி பாபட் முன்னின்று நடத்தினார். நிலம் மூழ்கியது. தண்ணீர் மலைச்சரிவில் கொங்கண் பக்கம் இறங்கி பீரா மின்நிலையத்தில் மின்சாரமாகி மும்பைக்குப் போகிறது. அந்த நீரின் கரையில் இருக்கும் பண்ணை வீட்டில் சாயங்காலம் ஆனால் வோல்ட்டேஜ் 190-க்கு இறங்குகிறது. மண்ணைக் கொடுத்தவர்களின் பேரன்களுக்கு, மண்ணில் இறங்கும் ஒரு கம்பிகூடச் சரியாகக் கிடைக்கவில்லை.

அங்கே எங்களுக்குக் கொடுத்த பாயிண்ட்டில் மூன்று விளக்குச் சோதனைப் பிளக்கைச் சொருகினேன். எல்லாம் சரி என்று காட்டியது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 204 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் அதே 204. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுத்தமாகப் பூஜ்யம். எனக்கு உறுத்தியது அந்தப் பூஜ்யம்தான். எங்கோ தூரத்தில் ஷெட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, சமையல்கட்டில் ஹீட்டர் போட்டிருக்கிறார்கள். நியூட்ரலில் கரண்ட் ஓடும்போது அதில் ஒன்றிரண்டு வோல்ட்டாவது நிற்க வேண்டும். பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம், “காகா, மெயினை அணைத்துவிட்டு இந்தப் பலகையைக் கழற்றலாமா?” என்று கேட்டேன். “லைட்தான் வருதே, மாவ்ஷி” என்றார். கழற்றினோம். எர்த்து முனையிலிருந்து ஒரு சின்னத் துண்டு வயர் அங்கேயே நியூட்ரல் முனைக்குப் போயிருந்தது. மண்ணுக்குப் போகும் கம்பியே இல்லை.

கேரவனுக்கு இதைவிட ஆபத்தான ஏற்பாடு கிடையாது. ஏரிக்காற்றில் தூணில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், வீட்டில் எரிகிற ஒரு பல்பு வழியாகப் பேஸ் வந்து அந்தத் துண்டு வயரில் ஏறி நேராக வண்டி உடலில் நிற்கும். வண்டிக்குள் இருக்கும் ஆர்.சி.சி.பி. எர்த்து கம்பியைத் துண்டிப்பதில்லை. அதனால் அது காப்பாற்றாது. மூன்று விளக்குகளும் கடைசிவரை ‘சரி’ என்றே சொல்லும். அந்த வயர்மேனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டி.வி. ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பாறையில் குழி தோண்டக் கூலி கொடுக்க யாரும் தயாரில்லை. ஷாக் நிற்க வேண்டும். அவர் நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று ராத்திரி நாங்கள் சொருகவே இல்லை. பேட்டரியில் ஃபேனும் விளக்கும் போதும். மறுநாள் காகாவோடு சேர்ந்து இடம் தேடினோம். சமையல்கட்டுப் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருந்தது. பண்ணைக்காரர் போனிலேயே சம்மதித்தார். அடுத்த முறை போனபோது குழாய் நட்டுக் கரி போட்டு மூடியிருந்தார்கள், தனிக் கம்பி பலகைவரை வந்திருந்தது, மெயினில் ஆர்.சி.சி.பி. இருந்தது. காகா அந்தப் பொத்தானை அமுக்கி எனக்குக் காட்டினார். அவர் பேத்தி அந்தச் சமையல்கட்டில்தான் விளையாடுகிறாள்.

இப்படிச் சோதிக்கும் வேலைக்கு அப்பாவின் டெஸ்ட் லாம்ப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். டிஜிட்டல் மல்டிமீட்டர் அருமையான கருவி. ஆனால் அதன் உள்தடை 10 மெகா ஓம். பக்கத்து வயரிலிருந்து ஒட்டிக்கொள்ளும் வெறும் சாயலைக்கூட அது 80, 90 வோல்ட் என்று காட்டும். அறுந்த கம்பி உயிரோடு இருப்பதுபோல் தெரியும். டெஸ்ட் லாம்ப்பைக் கொடுத்தால் அந்தச் சாயல் அந்த இடத்திலேயே செத்துவிடும், பல்பு எரியாது. உண்மையான கம்பி என்றால் எரியும். பழைய கருவி சுமையைக் கொடுத்துக் கேட்கிறது. புதியது சும்மா பார்க்கிறது. ஆனால் திறந்த கம்பி நுனிகளோடு இருக்கும் அந்தப் பல்பைப் பழகாதவர் கையில் கொடுக்கக் கூடாது. எர்த்து கெட்டிருக்கும்போது பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதை மாட்டினால் மற்றவர் தொடுகிற தகரங்களில் மின்னழுத்தம் ஏறலாம். தெரிந்த எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை அது.

பயணக்காரர் செய்யக்கூடிய வரிசை எளிது. முதலில் வண்டியின் மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். பாயிண்ட்டைச் சோதனைப் பிளக்கால் பார்க்க வேண்டும். கேபிளின் வண்டி முனையை முதலில் மாட்டி, சுவர் முனையைக் கடைசியில் மாட்ட வேண்டும், கழற்றும்போது தலைகீழ். அப்போதுதான் உயிரோடு இருக்கும் முனை எதுவும் புல்லில் கிடக்காது. கேபிளைச் சுருளிலிருந்து முழுதாக அவிழ்த்துவிட வேண்டும். சுருட்டிய கேபிளின் சூடு வெளியேறாமல் உறை உருகும். அரை மணி கழித்து, மெயினை அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தளர்ந்த ஓட்டையில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 10 ஆம்பியருக்கு 10 வாட் சூடு அந்தச் சின்ன இடத்தில் சேர்கிறது. பின் பழுப்பாகியிருந்தால் அந்தப் பாயிண்ட் வேண்டாம்.

சொருகியதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் அதைத் திட்டக் கூடாது, கழற்றிவிட்டு நேராக இணைக்கவும் கூடாது. உள்ளே எல்லாவற்றையும் அணைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி தெரியும். பெரும்பாலும் கீசர் காயில். இல்லாவிட்டால் இன்வெர்ட்டர்: பேட்டரியில் ஓடும்போது அது தன் நியூட்ரலை உடலோடு இணைத்துக்கொள்ளும், வெளி மின்சாரம் வந்ததும் அந்த இணைப்பை விட வேண்டும். விடாவிட்டால் திரும்பும் கரண்ட் இரண்டு வழியாகப் பிரிந்து கணக்கு உதைக்கும்.

ராத்திரி முழுக்கச் சொருகியிருந்தும் காலையில் பேட்டரி காலி என்பது இன்னொரு புகார். அதன் காரணம் வயரின் நீளம். மீட்டரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால், போகவர 120 மீட்டர். ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 15 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஏற்கெனவே 190 இருக்கும் ஊரில் வண்டிக்கு 175 வரும். இன்வெர்ட்டர் இது உதவாது என்று வெளி மின்சாரத்தை விட்டுவிட்டுப் பேட்டரிக்குத் தாவிவிடும். விளக்கு எரிகிறது, ஏ.சி. ஓடுகிறது, யாருக்கும் தெரியாது. கீசர், இண்டக்‌ஷன், ஏ.சி. மூன்றையும் ஒரே நேரத்தில் போடாமல் இருப்பதே இதற்குப் பாதி மருந்து. மீதி, தடித்த வயர்.

மெட்டடார் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முட்டி வலியோடு ஜமுக்காளத்தில் படுக்க என்னால் முடியாது. இந்த வயதில் மலைக்கரையில் நாலு நாள் இருக்க முடிவது இந்த வண்டியால்தான். ஆனால் அன்று மின்சாரம் இல்லாத ஊருக்கு எங்களை நாங்களே பார்த்துக்கொண்டு போனோம். இன்று எல்லா ஊரிலும் மின்சாரம் இருக்கிறது என்று நம்பி, முன்பின் பார்க்காத ஒருவர் போட்ட வயரில் பேரப்பிள்ளைகளைக் கட்டிவைக்கிறோம். கேரவன் பூங்காவுக்குத் தண்ணீர், கழிவறை, மின்சாரம் என்று எழுதுகிறவர்கள், அளந்து பார்த்த எர்த்து, ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் தனி ஆர்.சி.சி.பி., மழை படாத மூடி என்பதையும் எழுத வேண்டும். எர்த்து போடும் முறையை ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர விதி எப்போதோ வகுத்துவிட்டது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு பண்ணை வீட்டுக்கு இதன் செலவு, வாசலில் மாட்டும் விளம்பரப் பலகையின் செலவைவிடப் பெரிதாக இருக்கப்போவதில்லை.

அதுவரை, இடம் பதிவு செய்யும்போது ஏரி தெரியுமா, சாப்பாடு உண்டா என்று கேட்பவர்கள் இன்னும் மூன்று கேட்க வேண்டும். எர்த்து குழி எங்கே இருக்கிறது? மெயினில் ஆர்.சி.சி.பி. உண்டா? வயர் எவ்வளவு தூரம் வருகிறது? நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் வருவதற்குள் பண்ணைக்காரர் வயர்மேனைக் கூப்பிட்டுவிடுவார். முள்ஷியில் அப்படித்தான் நடந்தது.